ராயப்பன் கடிக்கமாட்டான்

எங்கள் வீட்டில் "கடிக்கமாட்டான்" என்ற ஒரே வார்த்தையை நம்பிக் கையைக் கொடுத்துக் கெட்டவர்கள் பலர். முதல் ஆள் அப்பா. அதற்கப்புறம் கேஸ் சிலிண்டர் தூக்கிவரும் அண்ணன். அப்புறம் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் சிஸ்டர். பாவம், செபமாலை சொல்ல வந்தவர், கட்டைவிரலில் மஞ்சள்தூளும் கைக்குட்டையுமாகத் திரும்பிப் போனார். ஒவ்வொரு தடவையும் மாமா அதே வார்த்தையைத்தான் சொன்னார். ரத்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அவருடைய நம்பிக்கை அசையாது. "நீங்க கைய இழுத்துட்டீங்க சிஸ்டர். இழுக்காம இருந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்கமாட்டான்" என்பார். கடிபட்டவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்காத குறைதான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராயப்பன் அவர் வளர்த்த கிளி.

அந்தப் பெயரே வீட்டில் ஒரு தகராறு. அப்பாவைப் பெற்றவருக்கும் அதே பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்த அம்மா, கிளியை 'அது' என்றே குறிப்பிடுவாள். அப்பா அலுவலகம் விட்டுக் களைத்து வரும் நேரத்தில் மொட்டைமாடியிலிருந்து "டேய் ராயப்பா, துன்னியாடா?" என்று சத்தம் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் மாமா பெயரை மாற்றச் சம்மதிக்கவில்லை. காரணம் வைத்திருந்தார். ஒரு மழைக்காலப் புயலில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. மறுநாள் காலையில் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட் தேடிப் போன மாமா, முறிந்த கிளைகளுக்கு நடுவே ஒரு பச்சைக் குஞ்சு முங்கி முங்கி எழுவதைப் பார்த்திருக்கிறார். கையை நீட்டினாராம், ஏறிக்கொண்டதாம். "தண்ணிமேல நடக்கப் பாத்து, பயந்து, முங்கப் போனது யாரு? சீடர் ராயப்பர்தானே? ஆண்டவர் கைய நீட்டித்தானே தூக்கினாரு? அப்ப இவன் ராயப்பன்தான்." நற்செய்தியை வைத்து வாதாடுகிறவரிடம் என்ன பேச முடியும்? "அப்போ நீ ஆண்டவராடா?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

புயலில் முறிந்த சிறகு கோணலாகக் கூடிவிட்டதால் ராயப்பனால் பறக்க முடியாது. மொட்டைமாடியில் மாமா குடியிருந்த ஒற்றை அறைதான் அவனுக்கும் வீடு. கூண்டு ஒன்று இருந்தது, ஆனால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அவன் ஜன்னல் கட்டையில், கொடிக்கயிற்றில், மாமாவின் தோளில் என்று இஷ்டத்துக்கு உட்கார்ந்திருப்பான். எனக்குத் தெரிந்து அவன் மாமாவைக் கடித்ததே இல்லை.

என்னைக் கடித்தான். எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். மாமா அவனை ஜன்னல் கட்டையில் விட்டு, என் ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். "கம்பி மாதிரி ஸ்ட்ராங்கா வை. அவனே வந்து ஏறிப்பான்." நானும் நீட்டினேன். ராயப்பன் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தான். காலைத் தூக்கி வைப்பான் என்று பார்த்தால், குனிந்து வாயைத் திறந்தான். பாக்குவெட்டி மாதிரி வளைந்த அந்தச் சிவப்பு அலகு என் விரலை நோக்கி வந்தது. உள்ளே தடித்த நாக்கு ஒன்று கறுப்பாகப் புரண்டது. வீறிட்டுக்கொண்டு கையை இழுத்தேன். முன்னால் சாய்ந்திருந்தவன் பிடிமானம் இல்லாமல் தலைகுப்புறத் தரையில் விழுந்தான்.

மாமா திட்டவில்லை. அவனை எடுத்து நெஞ்சோடு வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டு, "இன்னொரு வாட்டி நீட்டுமா, இந்த வாட்டி இழுக்காத" என்றார். நீட்டினேன். இந்த முறை அவன் யோசிக்கவே இல்லை. எலும்பு வரைக்கும் இறக்கினான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆபீசில் கீபோர்டு தட்டும்போது வெள்ளைக்கோடாகத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ராயப்பன் என்றால் குலை நடுக்கம். மாடியில் துணி எடுக்கப் போகச் சொன்னால், அந்த அறையைத் தாண்டும்போது கைப்பிடிச் சுவரை ஒட்டி, இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவேன். சாயங்காலமானால் உள்ளேயிருந்து 'கரக், கரக்' என்று ஒரு சத்தம் வரும். அலகின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியில் வைத்துத் தேய்ப்பான். எனக்காகத்தான் தீட்டிக்கொண்டிருக்கிறான் என்று முழுதாக நம்பினேன்.

சிஸ்டர் கடிபட்ட அன்று அம்மா பொறுமை இழந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னாள்: "இதோ பாரு, மாதா மேல ஆணையா சொல்றேன். இன்னும் ஒரே ஒரு ஆள அது கடிச்சுதுன்னா, மறுநாளே கிண்டிக்குப் போன் பண்ணிடுவேன். வந்து எடுத்துட்டுப் போகட்டும்." கிண்டி என்றால் எங்கள் வீட்டு அகராதியில் வனத்துறை. வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் விருந்தாளி வந்தால் மாடிக்கதவு சாத்தப்படும், ராயப்பன் கத்தினால் டிவியின் சத்தம் கூட்டப்படும். மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா சொன்னால் செய்வாள். அதே அம்மா இரவு அப்பாவிடம், "அதுவும் போயிட்டா இவன் மனுஷனாவே இருக்கமாட்டான்ங்க" என்று அழுததையும் நான் கேட்டேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏசி மெக்கானிக். தி.நகர் பக்கத்துக் கடைகளில் அவர் கை படாத மெஷின் கிடையாது. ஒரு காலத்தில் கோயில் பாடற்குழுவில் தபலா வாசித்தவர், தெருவில் நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் தாண்டமாட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். நான் பார்த்த மாமா அப்படி இல்லை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று. மாமாவுடைய ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஃபாதர் மற்ற பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாராம். பெண்வீட்டில் வேண்டாம் என்று முந்தின நாள் சொல்லியிருக்கிறார்கள். மாமாவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கோயிலே திரும்பி அவரைப் பார்த்ததாம். அன்றைக்கு வெளியே வந்தவர் அப்புறம் அந்தப் படியேறவே இல்லை. வேலை விட்டால் மாடி, மாடி விட்டால் வேலை. நடுவில் அந்தப் புயலும் கிளியும். இதெல்லாம் பெரியவர்கள் எனக்குத் தெரியக் கூடாது என்று குரலைத் தாழ்த்திப் பேசி, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். தெரியும், அவ்வளவுதான். ஒன்பது வயதில் அது ஒரு கதை.

எங்கள் பங்குத் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மாதா தேர் சாந்தோம் தெருக்களைச் சுற்றி வரும். தேருக்குப் பின்னால் ஒவ்வொரு அன்பியமும் ஒரு வண்டி விடும். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்த குழு. மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைச் சரிகைத்துணியால் மூடி, மேலே பிள்ளைகளைப் புனிதர்களாக வேடம் போட்டு நிறுத்துவார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது, சிலை மாதிரி நிற்கவேண்டும். நல்ல வண்டிக்குப் பரிசு. எங்கள் அன்பியத்துக்கு அம்மாதான் தலைவி. முந்தின வருஷம் தெர்மோகோல் புறாக்களை ஒட்டி நாங்கள் விட்ட வண்டி மழையில் பல்லிளித்தது. பக்கத்து அன்பியத்தார் நல்ல ஆயன் வேடத்துக்கு உயிருள்ள ஆட்டுக்குட்டியையே கொண்டுவந்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் அதே ஆட்டுக்குட்டியைப் பிரியாணி போட்டுப் பரிசைக் கொண்டாடினார்கள் என்று ஒரு வதந்தி.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் கூட்டத்தில் அம்மா அறிவித்தாள்: "நாம அசிசியார் வைக்கிறோம். பறவைங்ககிட்ட பிரசங்கம் பண்ண புனிதர். நம்மகிட்ட உயிருள்ள பறவையே இருக்கு."

சிஸ்டர் கட்டைவிரலை மறைத்துக்கொண்டார்.

ஊருக்குத் தெரியாமல் மூடி மூடி வைத்திருந்த கிளியை, போலீஸ் காவலோடு போகிற ஊர்வலத்தில் ஏற்றிவிட யோசித்தவர்கள் உலகத்திலேயே எங்கள் அன்பியத்தார் மட்டும்தான் இருப்பார்கள். ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. ஆட்டுக்குட்டியை ஜெயிக்கவேண்டும், அதுதான் எல்லோர் கண்ணிலும் நின்றது. அசிசியாராக யார் என்று பேச்சு வந்தது. ஒல்லியாக இருக்கிற பிள்ளை, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெண்பிள்ளை என்பதைக் கண்மையால் தாடி வரைந்து சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். கிளி எங்கே உட்காரும் என்று நான் கேட்டேன். தோளில் என்றாள் அம்மா.

தோளுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? காது. அதற்குப் பக்கத்தில் கண். அன்றைக்கு ராத்திரி எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

மாமா முதலில் முடியாது என்றார். "கிளிய வேணா எடுத்துக்கினு போங்க. நான் வரல." அம்மா விடவில்லை. "அது உன் பேச்சத்தான் கேக்கும். நீ வண்டி பக்கத்துலயே நடந்து வரணும். நீ வரலன்னா அசிசியாரே வேணாம், நான் வேற ஏதாவது வச்சுக்கறேன்." இரண்டு நாள் மாமா கீழே சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டே, "சரி, வரேன்" என்றார். அம்மா முகத்தைத் திருப்பி அடுப்பைத் துடைத்தாள். பரிசு கிடைத்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார்: அலகுக்கு ஒரு சின்ன ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் பிள்ளைக்குப் பயம் இருக்காதே. எனக்கு அவர் காலில் விழவேண்டும்போல இருந்தது. மாமா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "வாயக் கட்டிட்டா அவன் எப்படி சிஸ்டர் பிடிச்சுப்பான்?" எதைப் பிடிப்பான் என்று நான் கேட்கவில்லை. என் காதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

திருவிழா சாயங்காலம் எனக்குக் காவித்துணி அங்கி மாட்டி, இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, தாடி வரைந்து, தலைக்குப் பின்னால் தங்கக்காகிதம் சுற்றிய ஒளிவட்டத்தைச் செருகினார்கள். ஒரு கை ஆசீர்வதிக்கிற மாதிரி தூக்கியிருக்கவேண்டும். வண்டியை ஓட்டிவந்தவர் பட்டினப்பாக்கத்துக்காரர், காலையில் மீன் ஏற்றிய வண்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். ஏறின என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டு, "இன்னா சாமி, ஷோக்கா கீறியே! கீய வுழுந்துடாத, கம்னு நில்லு" என்றார். சிரிப்பு வரவில்லை. என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவரை அப்படிப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கொய்யாத் துண்டு ஒன்றை ராயப்பனுக்குக் கொடுத்துவிட்டு, அவனை என் இடது தோளில் வைத்தார். நகங்கள் அங்கியைத் துளைத்துத் தோலில் பதிந்தன. கழுத்தைத் திருப்ப முடியாததால் எனக்கு அவன் தெரியவில்லை. கொய்யா வாசமும், காதருகே ஒரு சின்ன மூச்சும், அவ்வளவுதான். தெரியாமல் இருப்பது தெரிவதைவிட மோசம்.

"மாமா, கடிச்சுட்டா?" என்றேன்.

"கடிக்கமாட்டான். நீ ஆடாத. நீ ஆடினா அவன் பயந்துடுவான்."

"எனக்குப் பயமா இருக்கே!"

மாமா வண்டியைச் சுற்றித் தொங்கிய சரிகைத்துணிக்குள் கையை விட்டு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். நான் விழாமல் இருக்க என்று அம்மாவிடம் சொன்னார். நான் குதித்து ஓடாமல் இருக்க என்று எனக்குத் தெரியும்.

பேண்டு செட் முழங்க ஊர்வலம் கிளம்பியது. அந்தச் சாயங்காலம் முழுக்க நான் எந்த மாதாவையும் பார்க்கவில்லை, எந்த மெழுகுவர்த்தியையும் பார்க்கவில்லை. இடது காது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் ராயப்பன் தடுமாறிச் சிறகடிப்பான். அந்தக் காற்று கன்னத்தில் படும். இதோ, இதோ என்று கண்ணை மூடுவேன். உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கடித்துவிட்டால் நாளைக்கே கிண்டி. அப்புறம் மாடிக்கு நிம்மதியாகப் போய்வரலாம். லேசாகக் கடித்தால்கூடப் போதும். உடனே அம்மா அழுதது நினைவுக்கு வரும். கணுக்காலில் இருக்கிற கை நினைவுக்கு வரும். நான் 'ஆ' என்று ஒரு வார்த்தை கத்தினால் மாமாவுக்கு இருக்கிற ஒரே ஜீவனும் போய்விடும். மாதாவே, கடிக்கவும் வேண்டாம், கடித்தால் எனக்குச் சத்தம் வரவும் வேண்டாம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தராத ஒரு செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கச்சேரி சாலைக்குப் போகும் திருப்பத்தில் தேர் நின்றது. அங்கே வீட்டுக்காரர்கள் மாதாவுக்கு மாலை போடுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள். எங்கள் வண்டி ஒரு பச்சை கேட் போட்ட வீட்டுக்கு நேராக நின்றது. வண்டிக்காரர் பிரேக் கட்டையை அழுத்திக்கொண்டு, "அய்ய, சரம் வெக்கிறானுங்கோ" என்றார்.

ஆயிரம் வாலா. எங்களுக்குப் பத்தடி முன்னால்.

முதல் வெடி வெடித்ததும் ராயப்பன் அலறினான். சிறகுகள் என் முகத்தில் அறைந்தன. ஒளிவட்டம் சரிந்தது. நகங்கள் தோளைக் கிழிப்பதுபோல் ஏறின. அடுத்த நொடி என் காதுமடலில், தோடு போட்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் கெட்டியாக, ஈரமாக ஒன்று வந்து கவ்விக்கொண்டது. அலகு.

கத்தியிருப்பேன். கத்த வாயைத் திறந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் காது அசையும், காது அசைந்தால் அவன் மூடுவான். அதனால் மூச்சைக்கூட விடவில்லை. கண்ணீர் மட்டும் கண்மைத் தாடியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. வலி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே பெரிய பயம் எது என்று கேட்டால், இன்னும் வராத வலிக்காகக் காத்திருப்பதுதான் என்பேன். சரம் வெடித்துத் தீரவே இல்லை. கணுக்காலைப் பிடித்திருந்த மாமாவின் கை இரும்பாக இறுகியது. அந்த வலிதான் முதலில் வந்தது.

புகை கொஞ்சம் விலகியபோது எனக்கு நேர் எதிரே ஒரு தொப்பி தெரிந்தது. டிராபிக் போலீஸ்காரர். பஸ்ஸுக்கு வழி விடச் சொல்ல வந்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, நிஜக் கிளியா?"

அம்மா முன்னால் மாதா தேர் பக்கம் போயிருந்தாள். பதில் சொல்லவேண்டியவர் மாமா. மாமா வாயைத் திறக்கவில்லை. பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள், கிளியை, மாமாவை, அசிசியார் வேடத்தில் என்னையும்.

வண்டிக்காரர்தான் சீட்டிலிருந்து திரும்பினார். "பொம்ம சார். சாவி குட்த்தா தலய ஆட்டும்."

"கண்ணு சிமிட்டுதே?"

"சைனா ஐட்டம் சார் அது. இன்னான்னமோ வுட்றானுங்கோ."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். கரைந்த தாடியோடு, காதில் தொங்கும் கிளியோடு, தூக்கிய கையோடு நின்ற என்னை. நான் சிமிட்டாமல் அவரைப் பார்த்தேன். ராயப்பனும் அசையவில்லை. காதைக் கவ்வியபடியே உறைந்திருந்தான்.

"நல்ல சைனா" என்றார் அவர். மீசைக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி சரி, வண்டிய எடு, பின்னாடி பஸ் நிக்குது."

நான் நிமிர்ந்து நின்ற உயரத்துக்குப் பச்சை கேட் வீட்டின் முதல் மாடி பால்கனி நேராக இருந்தது. அங்கே ஒரு பெண் கையில் மெழுகுவர்த்தியோடு, இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் மாதாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கீழே எங்கள் வண்டியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சரிந்துபோன ஒளிவட்டத்தைத்தான் பார்க்கிறாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. வண்டி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் காதிலிருந்து அந்தக் கெட்டியான ஈரம் விலகியது. பிறகு, என் கழுத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அவன் ஆரம்பித்தான்: கரக், கரக், கரக். முடிந்தது, இனிமேல்தான் நிஜக் கடி, தீட்டுகிறான் என்று நினைத்தேன். கோயில் வாசல் வரை அந்தச் சத்தத்தோடு நின்றேன். வண்டியிலிருந்து இறக்கியபோது எனக்கு முழங்கால் மடங்கவில்லை.

அம்மா ஓடிவந்து செல்போன் வெளிச்சத்தில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாதாவே, வெடி வச்சப்போ காதக் கவ்வுச்சுன்னாங்களே! எங்கடி கடிச்சுது?" மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. ரத்தம் இல்லை, தோல்கூடக் கிழியவில்லை. சிஸ்டர் தன் கட்டைவிரலை ஒருமுறை, என் காதை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது மாதா பண்ண புதுமைதான்" என்றார். அதற்குள் கூட்டத்தில், பிள்ளைக்கு எவ்வளவு விசுவாசம் பாருங்க, கண்ணீர் விட்டு செபம் பண்ணிக்கிட்டே நின்னுச்சு என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"கடிச்சிருந்தா காது கையோட வந்திருக்கும்" என்றார் மாமா. "அவனுக்குக் கை ஏது? பயந்தா வாயாலதான் பிடிச்சுப்பான். வுழுந்துடாம பிடிச்சிக்கினு இருந்தான், அவ்ளோதான்."

நான் நம்பவில்லை. ஆறு வயதில் என் விரலை நோக்கி வாயைத் திறந்துகொண்டு வந்தது கடிக்க அல்ல, ஏறுவதற்கு முன் என் விரல் நிற்குமா என்று பிடித்துப் பார்க்கத்தான் என்று புரிய எனக்கு இன்னும் வெகுகாலம் ஆயிற்று. விரல் நிற்கவில்லை, இரண்டாம் தடவை அவன் என்னை நம்பவில்லை. அந்தக் கரக் கரக் சத்தமும், இனிப் பயமில்லை என்று தோன்றி, தூங்கப் போகுமுன் கிளிகள் பண்ணுகிற சத்தமாம்.

எங்கள் வண்டிக்கு இரண்டாம் பரிசு, பிளாஸ்டிக் வாளிகள். அம்மா வாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயில் வளாகத்தில் நாலு பேருக்கு நடுவில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராயப்பன் கிண்டிக்குப் போகவில்லை. இன்றும் மாடியில்தான் இருக்கிறான். அடுத்த ஞாயிறு மாமா பூசைக்கு வந்தார், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றார்.

அன்று இரவு அங்கியைக் கழற்றும்போது கணுக்காலில் விரல் விரலாகக் கன்றியிருந்தது. காதில் இல்லாத காயம் காலில் இருந்தது. "கிளி கடிக்கல, மாமாதான் கடிச்சுட்டாரு" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். வீடே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார், தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினார். வெடிச்சத்தத்துக்கும் போலீசுக்கும் இவ்வளவு பயப்படுகிற ஆம்பளையா என்று எனக்கு இளப்பமாகக்கூட இருந்தது.

பச்சை கேட் வீட்டில் யார் இருந்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமாவின் பெயரோடு சேர்த்து இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்ட அந்த இன்னொரு பெயருக்குரியவள், திருவிழாவுக்குத் தாய்வீடு வந்திருந்தாள் என்பதைக் கல்லூரி முடித்த வருஷம்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் புகையில் போலீஸ்காரருக்கு மாமா ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போலீஸ்காரரைப் பார்க்கவே இல்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், விழுந்துவிடாமல். அன்றைக்கு என் காதை ஒருவனும் காலை ஒருவரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானோ எங்கே கடிக்கப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.